இரவல் டப்பா

மார்ச் 3

இல்லை, இந்த வேலைக்கு என்னை எடுத்தது நான் குட்டையாக இருப்பதால் அல்ல. நேர்முகத்தில் யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனாலும் திருச்சியிலிருந்து பேருந்தில் வரும் வழி முழுக்க இந்தப் பதிலைத்தான் தயார் செய்துகொண்டு வந்தேன். கேட்பார் இல்லாத பதில்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

வேலை இதுதான்: வளராத குழந்தைகளை அளப்பது. தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று. ஆய்வின் கேள்வி ஒரு வரியில் அடங்கிவிடும். சாப்பிடுகிற குழந்தை ஏன் வளரவில்லை?

சந்தேகம் குடல் மேல். குடலின் உள்சுவர் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். மயிரிழை மயிரிழையாக எழுந்து நின்று சோற்றிலிருந்து சத்தை உறிஞ்சும். அழுக்குத் தண்ணீரும் மண்ணும் கோழி எச்சமும் திரும்பத் திரும்ப வயிற்றுக்குள் போனால் வெல்வெட் தேய்ந்து வெறும் துணி ஆகிவிடும், உள்ளே புண்ணாகிக் கிடக்கும். அப்புறம் என்ன ஊட்டினாலும் பாதி அப்படியே வெளியே. குடல் புண்ணான குழந்தைகளைக் கண்டுபிடித்து, கொண்டைக்கடலையும் வாழைக்காயும் நிலக்கடலையும் சேர்த்த ஒரு மாவைக் கஞ்சியாகக் கொடுத்துப் பார்க்கப்போகிறார்கள். பலிக்குமா என்பது தெரியாது. தெரியாததால்தான் ஆய்வு.

அளவுப் பலகை, ஐஸ் பெட்டி, மூடியிலேயே கரண்டி வைத்த சிறு டப்பாக்கள் தந்தார்கள். பலகை நூற்றைம்பது சென்டிமீட்டர் வரை போகும். சும்மா குறித்து வைக்கிறேன். காரணம் ஏதும் இல்லை.

மார்ச் 5

அங்கன்வாடி. ஒற்றை அறை, வாசலில் குடிநீர்க் குழாய், சுவரில் பச்சைக்கிளி. பொறுப்பாளர் ராஜபுஷ்பம் டீச்சர். நான் உள்ளே போனதும் என் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்து, "மேடம் பின்னால வாராவளாம்மா?" என்று கேட்டார்.

நான்தான் மேடம் என்றேன்.

நாகரிகமானவர். உடனே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தேன். கால் தரையைத் தொடவில்லை. இங்கே நாற்காலிகள் உயரம்.

தாய்மார்கள் விடியுமுன் உப்பளத்துக்குப் போய் வெயில் உச்சிக்கு வருமுன் திரும்பிவிடுகிறார்கள். கணுக்கால் வரை உப்பு பூத்த கால்களோடு வந்து உட்கார்ந்தார்கள். நான் பேச்சை எழுதி எடுத்துப் போயிருந்தேன். "மலம்" என்ற சொல் வந்ததும் எல்லாரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். டீச்சர் எழுந்து என் தமிழைத் தமிழில் சொன்னார்: "பிள்ளைய வெளிக்குப் போனதைத்தான் கேக்காவ. இந்த டப்பால போட்டுக் கொடுக்கணும். டவுனுக்குக் கொண்டுபோயி பாப்பாவளாம்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், அங்கே அவர்களுக்குப் பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லையா என்று விசாரித்தது. பதிலை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 6

உயரம் அளக்க விதிகள் உண்டு. செருப்பு கூடாது. கொண்டை, குடுமி இருந்தால் அவிழ்க்க வேண்டும். குதிகாலும் முதுகும் தலையும் பலகையில் ஒட்ட வேண்டும். குழந்தை அழக் கூடாது என்று விதியில் இல்லை. நல்லவேளை.

பேச்சித்தாய் என்பவள் தன் மகள் தர்ஷனாவைக் கூட்டி வந்தாள். தாய்க்கு என் வயதுதான் இருக்கும், அல்லது ஒன்றிரண்டு குறைவு. மகளுக்கு இரண்டரை. குழந்தையின் முடியை எல்லாம் உச்சியில் திரட்டி, சிவப்பு ரிப்பன் சுற்றி, கோபுரம் மாதிரி நிறுத்தியிருந்தாள். அவிழ்க்கச் சொன்னேன்.

"அதுவும் அவ தலைதான மேடம்" என்றாள்.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆனால் விதி. கோபுரம் இறங்கியது. எண்பது. அட்டவணையின் கடைசிக் கோட்டுக்கும் கீழே போய்விட்டது புள்ளி. பேச்சித்தாய் புள்ளியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். நான் பலகையை மடிப்பதில் மும்முரமானேன்.

போகும்போது சொன்னாள், வேளைக்கு வேளை ஊட்டுகிறாளாம். கேட்காமலே சொன்னாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை சொன்னாள்.

(நான் கொண்டை உச்சியில் போடுவது வெயிலுக்காக. கழுத்தில் முடி பட்டால் வேர்க்கிறது.)

மார்ச் 7

முதல் டப்பா. கொண்டுவந்தது பணியாரக் கடை ஜெசிந்தா அக்கா. அவர் மகன் ஆல்வின், மூன்று வயது. இந்தக் குடியிருப்பிலேயே வளர்த்தியான பிள்ளை, கன்னமே இரண்டு பணியாரம். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உடம்புள்ள குழந்தைகளும் வேண்டும் என்பதால் அவனும் ஆய்வில் உண்டு. கோயில் பிரசாதம் மாதிரி டப்பாவைத் துவர்த்துத் துண்டில் பொதிந்து இரு கையாலும் நீட்டினார். என்னைப் "பாப்பா" என்று கூப்பிடுகிறார். திருத்தவில்லை.

திறந்து பார்த்தேன். இரண்டு நாளாக வெறும் டப்பாக்களையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வந்த சந்தோஷத்தில், சுற்றி நின்ற எல்லாத் தாய்மாரும் கேட்கும்படி, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். உருவம், பதம், எல்லாம் சரி. ஜெசிந்தா அக்காவின் முகம் மகன் மாநிலத்தில் முதலாவதாக வந்தது மாதிரி ஆனது. மற்றவர்கள் அமைதியானார்கள்.

நல்ல அமைதி என்று நினைத்தேன்.

மார்ச் 10

பேருந்தில் நடத்துனர் ஐஸ் பெட்டியைப் பார்த்து, உள்ளே மீனா என்றார். இல்லை என்றேன். குச்சி ஐஸா என்றார். இல்லை. அப்புறம் என்ன என்றார். சொன்னேன். மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

மார்ச் 13

அங்கன்வாடி ஆண்டு விழா. நாடகத்தில் ஆல்வின்தான் ராஜா. அட்டைக் கிரீடம் முழுக்கப் பொன்னிற ஜிகினா. அவன் சொல்ல வேண்டிய வசனம் "யாரங்கே". சொல்லவில்லை. கிரீடத்தைக் கழற்றி நக்கிப் பார்த்தான். டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து "யாரங்கே, யாரங்கே" என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் முன்வரிசையில் இருந்த ஒரு தாத்தா, "நாங்கதான்" என்று பதில் சொல்லிவிட்டார்.

தர்ஷனா நட்சத்திரம். வசனம் கிடையாது, நிற்க வேண்டும். நின்றாள். நின்றபடியே தூங்கிப்போனாள். பேச்சித்தாய் ஓடிவந்து தூக்கும்போது பார்த்தேன், அந்தக் குழந்தையின் கை வளையலுக்குள் இன்னொரு கை போகும்.

மார்ச் 14

அம்மா பேசினாள். ஓசூரில் ஒரு வரன். நல்ல இடம். ஜாதகக் குறிப்பை அனுப்பிவிட்டாளாம். என் உயரம் நூற்றைம்பத்தைந்து என்று போட்டிருக்கிறாள்.

"நீ நிமிர்ந்து நின்னா இருப்படி" என்றாள்.

பெண் பார்க்க வரும்போது போட்டுக்கொள்ளப் பெரியம்மாவின் அட்டிகையைக் கேட்டு வைத்திருப்பதாகவும், குதிகால் உயர்ந்த கட்டைச் செருப்பு ஒன்றை நானே தூத்துக்குடியில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாள். எனக்கு இதிலெல்லாம் அபிப்பிராயம் கிடையாது. உயரம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரம். அவ்வளவுதான்.

கட்டைச் செருப்பு பஸ் ஸ்டாண்டு எதிரில் நன்றாக இருக்கிறது. வெறுமனே பார்த்தேன்.

மார்ச் 17

ஒரே நாளில் டப்பாக்கள் குவிந்துவிட்டன. தராதவர்கள் எல்லாம் தந்தார்கள். பேச்சித்தாய் ஓட்டமும் நடையுமாக வந்து, என் கையில் திணித்து, நான் நன்றி சொல்வதற்குள் போய்விட்டாள். திறந்து பார்த்தேன். பதம் அருமை.

சமூகத்தின் ஒத்துழைப்பு குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டுள்ளது என்று மேலதிகாரிக்கு எழுதினேன். "என் அணுகுமுறையால்" என்று சேர்த்து, அடித்து, மறுபடி சேர்த்தேன்.

ராஜபுஷ்பம் டீச்சர் மட்டும் கவலையாக இருந்தார். ஆல்வின் கிரீடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் இன்று திருப்பித் தந்தானாம். வெறும் அட்டை. ஒரு ஜிகினா மிச்சம் இல்லை. அடுத்த வருட ராஜாவுக்கு என்ன செய்வது என்கிறார்.

மார்ச் 24

மோசமான நாள். வரிசையாக எழுத முயல்கிறேன்.

முடிவுகள் வந்தன. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சீட்டு, உறையில் போட்டு. தாயிடம் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நான் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் ராஜபுஷ்பம் டீச்சர், உதவி என்று நினைத்து, உறைகளைப் பிரித்து உரக்கப் படிக்கத் தொடங்கிவிட்டார். மதிப்பெண் வாசிக்கும் குரல்.

"தர்ஷனா. குடல் நல்லா இருக்கு. புண்ணு, வீக்கம் ஒண்ணும் கெடையாது."

பேச்சித்தாய் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவள் புருஷனின் அக்கா, செல்லக்கனி, விளாத்திகுளத்துக்காரர். தம்பி பிள்ளையைப் பார்க்க ஒரு பை முட்டையும் கருப்பட்டியுமாக வந்தவர். அவர் சிரிக்கவில்லை.

"வயித்துல ஒண்ணும் இல்லையா?" என்று என்னிடம் கேட்டார்.

சீட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். உண்மையான பதில். அதைவிட மோசமான பதிலை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

"அப்ப சோறு போடலன்னுதான அர்த்தம்" என்றார் செல்லக்கனி. சத்தமே போடவில்லை. "நானும் போன வருசத்துலேந்து கேக்கேன், பிள்ளைக்கு வயிறு சரியில்லையோன்னு. இப்ப டவுன்ல பாத்துச் சொல்லிட்டாவ. இவ கையில பிள்ளைய விட்டுட்டுப் போவ மாட்டேன். ஞாயித்துக்கெழம பஸ்ஸுல நான் கூட்டிட்டுப் போறேன்."

பேச்சித்தாயின் புருஷன் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்கா சொன்னால் அதுதான், என்று அவன் முதுகு சொன்னது.

பேச்சித்தாய் என்னைப் பார்த்தாள். புள்ளி வைத்த அன்று பார்த்த அதே பார்வை. இந்த முறை மடிக்கப் பலகையும் இல்லை.

மார்ச் 25

நேற்று அறைக்கு வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல குடல். வேளைக்கு வேளை சோறு. எண்பது சென்டிமீட்டர். மூன்றும் ஒன்றாக நிற்கவில்லை. ஏதோ ஒன்று பொய். எது என்று யோசித்தபோது எனக்கும் அந்த நாத்தனாருக்கும் ஒரே பதில்தான் தோன்றியது. அதற்காக வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே தோசை சாப்பிட்டேன்.

மதியம் பரிசோதனைக் கூடத்திலிருந்து சகாயராஜ் அண்ணன் கூப்பிட்டார். பூச்சி முட்டை இருக்கிறதா என்று இன்றுதான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாராம்.

"உங்க ஊருப் பிள்ளைங்க தங்கமாப் போகுதுங்களா?" என்றார்.

புரியவில்லை என்றேன்.

"மின்னுதும்மா. பொன் கலர்ல பொட்டு பொட்டா. ஒரு டப்பான்னா விட்டிருவேன். மூணு டப்பால இருக்கு. மூணு பேரு, மூணு வீடு. ஆனா மூணும் ஒரே நாள்ல வந்தது, ஒரே மாதிரி பதம். எனக்கு என்னமோ மூணும் அண்ணன் தம்பி மாதிரி தெரியுது."

போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். ஒரு அட்டைக் கிரீடம் கண் முன்னால் மெதுவாகச் சுழன்றது.

மூன்றில் ஒன்று தர்ஷனாவுடையது.

மார்ச் 26

ஜெசிந்தா அக்கா மறைக்கவே இல்லை. பணியாரத்தைக் குத்திப் புரட்டிக்கொண்டே சொன்னார்.

"ஆமா பாப்பா, கொடுத்தேன். மூணு பேரும் வந்து கேட்டாவ. தண்ணி கேட்டாக் கொடுக்கோம், மாவு கேட்டாக் கொடுக்கோம், இதைப் போயி இல்லன்னா சொல்லுவாவ? அவனுக்கும் ஒண்ணும் கொறஞ்சிரல."

நான் உருவத்தையும் பதத்தையும் புகழ்ந்த நாளிலிருந்து அவர் வீட்டில் ஆல்வின் உட்காரும் நேரத்துக்குக் கூட்டம் வந்துவிடுகிறதாம். அதில் ஒரு பெருமையை மறைக்க முடியவில்லை அவரால். எனக்கு ஒரு தட்டுப் பணியாரம் வைத்தார். அதையும் சாப்பிட்டேன். இந்த வேலையில் பசி போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். பொய்.

பேச்சித்தாய் வீட்டுக்குப் போனேன். செல்லக்கனி உள்ளே பிள்ளைக்கு முட்டை ஊட்டிக்கொண்டிருந்தார். பேச்சித்தாயைப் பின்பக்கம் கூப்பிட்டு, டப்பா யாருடையது என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கோழியைப் பார்த்தாள்.

"பொண்ணு பாக்க வாரப்ப கழுத்துல ஒண்ணும் இல்லன்னா பக்கத்து வீட்டுச் சங்கிலிய இரவல் வாங்கிப் போட்டு உக்கார வைப்பாவல்லா. எனக்கும் அப்படித்தான் போட்டாவ. வந்தவியளுக்கும் தெரியும், அவிய வீட்டுப் பொண்ணும் அப்படித்தான் இருந்திருப்பா. அதப் போயி யாரும் பொய்யின்னு சொல்ல மாட்டாவ. அந்த ஒரு நாளைக்கு மானம் மேடம்."

நான் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஏனென்று தெரியவில்லை.

"என் பிள்ள போறது தண்ணியாட்டமா போகுது" என்றாள். "அதை எடுத்துட்டு வந்து அத்தனை பேருக்கு முன்னால உங்க கையில கொடுத்தா, தாய்க்காரி என்னத்த ஊட்டுதான்னு கேப்பாவ. நீங்க ஆல்வினுத எல்லாருக்கும் காட்டிப் பேசுனியல்ல."

பேசினேன். அதுதான்.

பிறகு வெல்வெட் துணி, தேய்ந்த துணி எல்லாம் சொன்னேன். பட்டினி போட்டதாக யார் சொன்னாலும், இந்தக் குழந்தையின் வயிறுதான் அவளுக்குச் சாட்சி என்றேன். இன்னொருவன் வயிறு போய்ச் சாட்சி சொன்னதால்தான் அவள் குற்றவாளி ஆனாள் என்றும் சொன்னேன்.

நான் சொன்னதை அவள் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என்னை மாட்டிவிட்டது ஆல்வினா?" என்றாள்.

சிரித்துவிட்டேன். அவளும் முந்தானையை வாயில் வைத்தாள். சிரிப்பு நின்ற பிறகும் முந்தானையை எடுக்கவில்லை. தோள் ஆடியது.

மற்ற இரண்டு தாய்மாரையும் சாயங்காலம் பார்த்துப் புது டப்பா கொடுத்தேன். என் தவறு என்றேன். ஆமாம் என்றார்கள்.

மார்ச் 27

காத்திருத்தல்.

சகாயராஜ் அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறார். இன்று டப்பா வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் முடிவு. பேச்சித்தாய் அளத்துக்குப் போகவில்லை. நான் விடிந்ததும் ஆஜர். பிள்ளைகள் வெளிக்குப் போக ஆய்வு நிறுவனம் தந்த வாத்து வடிவப் பிளாஸ்டிக் இருக்கையை முற்றத்தில் வைத்தோம். தர்ஷனாவுக்கு வாத்தை ரொம்பப் பிடித்துவிட்டது. அதன் வாயில் மண்ணை ஊட்டினாள். தூங்கவைத்தாள். தொப்பியாகப் போட்டுக்கொண்டாள். உட்காரும் நோக்கம் மட்டும் இல்லை.

தினமும் நாலைந்து முறை போகிற பிள்ளையாம். இன்று ஒரு துறவியின் நிதானம்.

நான் பாட்டுப் பாடினேன். குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. பேச்சித்தாய் வெந்நீர் கொடுத்தாள். அடுத்த வீட்டுப் பெண்கள் வந்தார்கள். ஜெசிந்தா அக்கா, நடுவராக இருக்கலாம் என்று வந்த மாதிரி, ஆல்வினை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். ஆல்வின் வாத்தைப் பார்த்ததும் தன் கடமை என்று நினைத்து அதில் போய் உட்கார்ந்துவிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

எதற்கு இந்தக் கூட்டம் என்று செல்லக்கனி வாசலுக்கு வந்து கேட்டார். பேச்சித்தாய் என்னைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள், முதலில் கொடுத்தது தன் பிள்ளையுடையது இல்லை என்று. ஏன் என்றும் சொன்னாள்.

செல்லக்கனி எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"இத்தன பேரு மொறச்சுப் பாத்தா உனக்கு வருமாட்டி?" என்றார் பிள்ளையிடம். "திரும்பி நில்லுங்க எல்லாரும்."

திரும்பி நின்றோம். ஏழெட்டுப் பெண்கள், ஒரு முதுநிலைப் பட்டம் உட்பட, மண் சுவரைப் பார்த்துக்கொண்டு. அப்படி நின்றபோது தோன்றியது: என் வாழ்க்கையில் இவ்வளவு ஒருமனதாக எதையும் நான் விரும்பியதில்லை.

பின்னால் கோழி ஒன்று இறக்கையடித்து விலகிய சத்தம். திரும்பினோம். வாத்தில் இல்லை. கோழி மேய்ந்த இடத்தில், குந்தி உட்கார்ந்து, வேலையைத் தொடங்கியிருந்தாள். மண் கலந்தால் செல்லாது. இருத்தலின் அபத்தம் பற்றிச் சிற்றிதழில் கட்டுரை எழுதிய என் கை, ஒரு பழைய செய்தித்தாளோடு பாய்ந்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

தண்ணியாட்டம்தான். அவள் சொன்ன அதே மாதிரி. சோற்றுப் பருக்கை முழுசாகத் தெரிந்தது. காலையில் ஊட்டிய முட்டையும்.

செல்லக்கனி குனிந்து அதைப் பார்த்தார். தன் முட்டையை அடையாளம் கண்டுகொண்ட முகம்.

டப்பாவைப் பேச்சித்தாயே மூடினாள். எல்லாருக்கும் முன்னால் என் கையில் கொடுத்தாள்.

மார்ச் 28

தூக்கம் இல்லை. ஒரு குழந்தையின் குடலில் புண் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஆளாகிவிட்டேன்.

மார்ச் 29

முடிவு வந்தது. புண் இருக்கிறது. அதிகமாகவே.

இந்த முறை உறையை நானே கொண்டுபோனேன். தாயிடம் தனியாக, விதிப்படி, பின்பக்கம் கோழியின் முன்னிலையில் சொன்னேன். கஞ்சி மாவு கிடைக்கும், மருந்தும் உண்டு, ஆனால் உடனே வளர்ந்துவிடுவாள் என்று நான் சொல்ல மாட்டேன், யாருக்கும் தெரியாது என்றும் சொன்னேன். அவள் அதையெல்லாம் கேட்டாளா தெரியாது.

"எழுதியிருக்கா?" என்றாள். சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். "நீங்க வெளிய சொல்லப்படாது. நான் சொல்லலாம்லா?"

விதியில் தடை இல்லை.

தண்ணீர் வரும் நேரம். குழாயடியில் எல்லாக் குடமும் வரிசையில் இருந்தது. பேச்சித்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே அங்கே போனாள். பரீட்சை முடிவு சொல்கிற குரலில் சொன்னாள்:

"என் பிள்ளைக்குக் குடல் புண்ணாம். டவுன்ல பாத்து எழுதிக் கொடுத்துட்டாவ. நான் ஊட்டுதது அது உடம்புல ஒட்டல. நான் ஊட்டாம இல்ல."

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் மாற்றவில்லை. ஜெசிந்தா அக்கா முதலில் சந்தோஷப்பட்டார், பிறகு அது சந்தோஷப்படக்கூடிய செய்தி இல்லை என்பது நினைவுக்கு வந்து முகத்தை மாற்றினார், பிறகு எது சரி என்று தெரியாமல் ஆல்வினைக் கிள்ளினார். தர்ஷனாவுக்குக் கூட்டம் பிடித்துப்போய்க் கை தட்டினாள்.

செல்லக்கனி வரிசையின் கடைசியில் குடத்தோடு நின்றிருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

"மூஞ்சியக் கழுவுட்டி" என்றார் பேச்சித்தாயிடம்.

மார்ச் 30

ஞாயிறு. செல்லக்கனி பஸ்ஸில் தனியாகப் போனார். முட்டைப் பையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னாராம். அதை நான் முன்பே சொல்லியிருந்தேன், யாரும் கேட்கவில்லை. நாத்தனார் சொன்னால் வேறு.

ஏப்ரல் 9

தர்ஷனாவுக்குக் கஞ்சி பிடிக்கவில்லை. வாத்துக்கு ஊட்டுகிறாள். வாத்து நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 12

அம்மா. மாப்பிள்ளை வீட்டார் மே முதல் வாரம் வருகிறார்கள். அட்டிகை வந்துவிட்டதாம். செருப்பு வாங்கினாயா என்றாள். கடை மூடியிருந்தது என்றேன். கடை திறந்துதான் இருந்தது.

ஏப்ரல் 20

கருப்பட்டி கரைத்துக் கலந்தால் கஞ்சியைக் குடிக்கிறாளாம். விதியில் இதற்கு இடமுண்டா என்று மேலதிகாரிக்கு எழுதினேன். பதில் வருவதற்குள் மாவு பாதி காலி. ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் போகிறாள் என்று பேச்சித்தாய் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். குழாயடியில் அறிவித்துவிட்டுத்தான் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

ஏப்ரல் 28

மாத அளவு. தர்ஷனா இந்த முறை கோபுரம் இல்லாமல், முடியைப் படிய வாரி, பின்னிவிட்ட தலையோடு வந்தாள். பேச்சித்தாயே அவள் முட்டியை அழுத்திப் பிடித்தாள். தலைக்கட்டையை இறக்கினேன்.

எண்பது புள்ளி ஆறு.

இரண்டு முறை அளந்தேன். பிழைக்குள் அடங்கிவிடக்கூடிய வித்தியாசம், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று விளக்கினேன். அவள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்த அளவைப் பிடித்துப் பார்த்தாள். பட்டாணி நிற்கும். அப்படியே கையைக் கீழே போடாமல் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். டீச்சர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

குழந்தைகள் போன பிறகு பலகையை மடிக்கப் போனேன்.

"நீங்க நில்லுங்க மேடம்" என்றாள் பேச்சித்தாய்.

எதற்கு என்றேன். எல்லாரையும் அளக்கிறேனே, என்னை யார் அளந்தார்கள் என்றாள். பதில் தயாராக இல்லாத கேள்வி. செருப்பைக் கழற்றினேன். பலகையில் ஏறி நின்றேன். குதிகால், முதுகு, தலை. சுவரில் இருந்த கிளி நேருக்கு நேர் பார்த்தது. பேச்சித்தாய் கட்டையை இறக்கவில்லை. அவள் கை என் தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

"கொண்டைய அவுங்க" என்றாள்.

வெயிலுக்காகப் போட்டது என்றேன்.

"சரி. அவுங்க."

அவிழ்த்தேன். முடி கழுத்தில் விழுந்தது. அவ்வளவாக வேர்க்கவில்லை. அவள் என் முட்டியை அழுத்தினாள், தர்ஷனாவுக்கு அழுத்திய அதே அழுத்தம். கட்டை இறங்கி உச்சந்தலையில் உட்கார்ந்தது. அவளுக்கு எண் படிக்கத் தெரியும். உரக்கப் படித்தாள். ராஜபுஷ்பம் டீச்சர் அதே எண்ணை மதிப்பெண் குரலில் ஒருமுறை திருப்பிச் சொன்னார்.

நூற்று நாற்பத்தேழு. பலகைக்குள் அடங்கிவிட்டேன், மேலே மூன்று சென்டிமீட்டர் மிச்சம்.

"நல்லாத்தான இருக்கிய" என்றாள் பேச்சித்தாய். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அம்மாவுக்கு அந்த எண்ணை அனுப்பினேன். ஓசூருக்கும் இதையே அனுப்பச் சொல்லி எழுதினேன். அட்டிகையைப் பெரியம்மாவிடமே கொடுத்துவிடச் சொன்னேன். பிறகு பலகையைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்து, வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு, மிச்சம் இருந்த டப்பாக்களைப் பெட்டியில் அடுக்கி, நாலு மணி பஸ்ஸுக்கு நடந்தேன்.